வீட்டார் எண்

நூறு பேரை ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே நேரத்தில் உட்கார வைத்துவிடலாம் மேடம். அறுபத்து நான்கு பேரை ஓர் ஆன்லைன் போட்டியில் ஒரே நேரத்தில் உட்கார வைப்பது அத்தனை சுலபமில்லை. பந்திக்குப் பசி கூட்டி வந்துவிடும். இதற்கு நான்தான் கூட்டி வர வேண்டும்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொல்லி ஸ்டேஷனில் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். என் வேலை தெரியாமல் நான் செய்தது புரியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். என் பெயர் ஆத்மநாதன். வயது முப்பத்து மூன்று. சொந்த ஊர் ஆவுடையார்கோவில். ஏழு வருடமாகக் கீரனூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி வரமாட்டார். சாவுக்கு லீவு கிடையாது என்பதால் நான் மட்டும் கடையைத் திறந்து வைத்திருப்பேன். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில்தான் மூன்று வருடமாகப் ‘புதுகை கப்’ நடத்தினேன்.

செல்போனில் ஆடும் துப்பாக்கி ஆட்டம் அது. நாலு பேர் ஓர் அணி, மொத்தம் பதினாறு அணி. ஆட்டம் பதினொன்றரைக்கு என்றால், பதினொன்றே காலுக்குள் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப் குழுவில் ‘வந்துட்டேன்’ என்று போட வேண்டும். வருகைப் பதிவு என்பது அதுதான். பதினொன்றே காலுக்கு அதை மூடிவிட்டு, உள்ளே நுழைவதற்கான ரகசிய எண்ணை அனுப்புவேன். ஒருவன் வராவிட்டால் அவனுடைய அணி மூன்று பேரோடு ஆட வேண்டியதுதான். அப்படி ஆடும் அணி தாக்குப்பிடிக்காது. யூடியூபில் நேரலை பார்க்கிறவர்களும் அலுத்துப்போய்க் கலைந்துவிடுவார்கள்.

நானும் ஒரு காலத்தில் ஆடியவன். திருச்சியில் ஒரு போட்டியில் கடைசிச் சுற்று வரை போனோம். எங்கள் நாலாவது ஆள் வரவில்லை. பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் எங்கேயோ போய்விட்டானாம். மேடையில் மூன்று பேர் ஒரு காலி நாற்காலியோடு உட்கார்ந்திருந்தோம். அந்த நாற்காலியையாவது யாராவது எடுத்துக்கொண்டு போனால் தேவலை என்று இருந்தது. அன்றைக்கு அசிங்கப்பட்டது இன்னும் எனக்குள் ஆறவில்லை. அதற்குப் பிறகு நான் ஆடவில்லை, நடத்தத் தொடங்கினேன்.

வராததற்குக் காரணம் சொல்வதில் நம் பையன்கள் கெட்டிக்காரர்கள். கரண்ட் இல்லை என்பான் ஒருவன். அவனுக்கு எதிர்வீட்டுப் பையன் ஜம்மென்று ஆடிக்கொண்டிருப்பான். கரண்ட்டும் நெட்டும் கைகொடுக்காதபோது சொந்தக்காரர்களைச் சாகடிப்பார்கள். மூன்று வருடத்தில் என் குழுவில் இறந்துபோன தாய்மாமன்களை எண்ணிப் பார்த்தால், இந்த மாவட்டத்தில் காதுகுத்துக்கு மடி கொடுக்க ஆளே மிஞ்சியிருக்கக் கூடாது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். முந்தின நாள் நினைவூட்டினேன். இரண்டு முறை வராதவனை ஒரு மாதம் நிறுத்தி வைத்தேன். மாற்று ஆட்களைத் தயாராக உட்கார வைத்தேன், அவர்களும் வரவில்லை. கடைசியில் இந்தச் சாவுகள்தான் எனக்கு ஒரு வழி காட்டின. சொல்லாமல் கொள்ளாமல் வராதவனுக்கு நானே ஒரு கண்ணீர் அஞ்சலி அட்டை செய்து குழுவில் போட்டேன். சித்தன்னவாசலில் அவன் எடுத்துக்கொண்ட சிரித்த படம், சுற்றிலும் மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ‘மறைவு’ என்ற இடத்தில் வருகைப் பதிவு மூடிய நேரம். விளையாட்டுக்குச் செய்தது என்று தெரிய வேண்டுமே, மூலையில் ஒரு கோமாளித் தொப்பியும் வைத்தேன். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. செத்தவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த வாரம் அறுபத்து நான்கு பேரில் அறுபத்தொரு பேர் நேரத்துக்கு வந்தார்கள்.

அதே சமயத்தில்தான் பதிவுப் படிவத்தில் ‘வீட்டார் எண்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பையன் கிடைக்காவிட்டால் வீட்டில் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்ற நல்ல எண்ணம்தான். வீட்டுக்குத் தெரிந்து ஆடினால் ஒழுங்காக ஆடுவான் என்றும் நினைத்தேன். அதில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அரவிந்த்குமார் நார்த்தாமலைப் பக்கத்துப் பையன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அவனைப் போல ஆடுகிறவனை நான் பார்த்ததில்லை. அவன் ஆடுகிறான் என்றால் நேரலைக்கு இருநூறு பேர் கூடுதலாக வருவார்கள். ஆனால் வருவானா மாட்டானா என்று கடைசி நிமிடம் வரை தெரியாது. பிப்ரவரியில் வரவில்லை. பெரியப்பா இறந்துவிட்டார் என்றான். வருத்தப்பட்டு ஒரு மாலைப் படம் அனுப்பினேன். ஏப்ரலில் மறுபடியும் வரவில்லை. மறுபடியும் பெரியப்பா இறந்துவிட்டார். ஒரே பெரியப்பாதான். கேட்டதற்கு, “மறந்துட்டேண்ணே, போன தடவையும் அவரத்தான் சொன்னேனா?” என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன்மேல் கோபம் நிற்காது மேடம், அப்படி ஒரு முகம் அவனுக்கு.

அவன் கொடுத்திருந்த வீட்டார் எண் அவனுடைய அப்பாவுடையது. அம்மா செவந்தியிடம் பட்டன் போன்தான் இருந்தது. அப்பா பெரியகருப்பன் சார்ஜாவில் ஒரு கான்கிரீட் கம்பெனியில் வேலை பார்த்தார். ஏப்ரலில் அந்த எண்ணுக்கு நானே பேசினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘வாங்க போங்க’ என்றுதான் பேசினார். “வெளையாட்டுன்னாலும் சொன்னா சொன்ன நேரத்துக்குப் போகணும்லங்க தம்பி. நான் இங்கிட்டு கெடக்கேன். நீங்கதான் அண்ணன் மாதிரி கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்” என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அப்படி ஒருவர் என்னை நம்பிப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. கண்டிக்கிற உரிமையை அவரே கொடுத்தார் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஜூன் மாதம் இறுதிப் போட்டி. கோயம்புத்தூரில் இருந்து மாநில அளவில் போட்டி நடத்தும் ஒரு பெரிய குழுவினர் நேரலையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பதினாறு அணியும் முழுசாக, நேரத்துக்கு இறங்கினால் இந்த மாவட்டத்தின் தேர்வுப் போட்டிகளை இனி என்னிடமே விடுவதாகப் பேச்சு. ஃப்ளெக்ஸ் கடையில் பிறர் முகத்துக்கு மாலை போட்டுக்கொண்டே நான் கிழவனாகிவிடாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. அரவிந்தனிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். “உசுரு போனாலும் வந்துருவேண்ணே” என்றான்.

போட்டியன்று காலை பத்து இருபதுக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. ‘அண்ணே பெரியப்பா தவறிட்டாரு. இந்தத் தடவ நெசமாத்தான். போன ஆஃப் பண்ணப் போறேன். மன்னிச்சிருங்க.’ நான் ஒரு சிரிக்கும் பொம்மையைப் பதிலாக அனுப்பினேன். அது அவனுக்குப் போய்ச் சேரவில்லை. பதினொன்றே காலுக்கு வருகைப் பதிவை மூடினேன். அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த அட்டையைச் செய்தேன். அவனுடைய பிறந்த தேதி படிவத்தில் இருந்தது. மறைவு, அன்றைய தேதி, முற்பகல் பதினொன்றே கால். நல்லடக்கம் மாலை நான்கு மணி, ஊர் மயானம். இங்ஙனம் என்ற இடத்தில் குடும்பத்தாரின் பெயர்கள். கோமாளித் தொப்பி வைக்கவில்லை. அதைக் குழுவிலும் போடவில்லை. வீட்டார் எண்ணுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, நேரலையில் வர்ணனை செய்ய உட்கார்ந்தேன். ஆட்டம் பதினொன்றரைக்குச் சரியாகத் தொடங்கியது.

என் எண்ணம் சின்னதுதான். அப்பா பதறிப்போய் வீட்டுக்குப் பேசுவார், வீட்டில் அவனைத் தேடுவார்கள், அவன் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் அரை மணி நேரத்தில் போனைத் திறப்பான். ஓர் அரை மணி நேரம் எல்லோரும் பயப்படட்டும். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது தெரியட்டும். முதல் நாள் உங்களிடம் இதைத்தான் சொன்னேன். பெரியப்பா செத்தது மூன்றாவது பொய் என்று நினைத்துத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன் மேடம். அது பொய் என்று நான் நினைக்கவில்லை.

அன்று காலை எட்டரைக்குக் கடையைத் திறந்தபோதே வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் முத்துராமன். மாமனார் மலையாண்டி விடியற்காலையில் தவறிவிட்டார், பத்து மணிக்குள் ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றார். சொந்தங்களின் பெயர்களை ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான்தான் தட்டச்சு செய்தேன். சகோதரர்: பெரியகருப்பன், சார்ஜா. சகோதரர் மகன்: அரவிந்த்குமார். இரண்டு தடவை செத்த பெரியப்பா இவர்தான் என்று புரிந்தது.

போகும்போது முத்துராமன் திரும்பி வந்தார். “அண்ணே, ஒரு ஒதவி. இத வாட்ஸ்அப்ல எங்கயும் போட்டுறாதீங்க. சின்ன மாமாவுக்கு, அதான் சார்ஜால இருக்காரே, அவருக்கு இன்னும் சொல்லல. போன வருசந்தான் நெஞ்சுல ஏதோ கம்பி வச்சாங்க. இன்னைக்கு அவருக்கு லீவு, ரூம்ல தனியா இருப்பாரு. ஜெபக்குமார்னு ஆலங்குடிக்காரரு ஒருத்தரு அவருகூடத் தங்கியிருக்காரு. அவரு வேல முடிஞ்சு வந்ததும் அவர விட்டு மெதுவாச் சொல்லச் சொல்லணும்” என்றார். சரிங்க என்றேன். நம் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவருக்குச் சாவுச் செய்தியை இப்படித்தான் சொல்வார்கள். முதலில் உடம்பு சரியில்லை என்பார்கள், அப்புறம் ஆஸ்பத்திரி என்பார்கள், பக்கத்தில் தோளைப் பிடிக்க ஓர் ஆள் வந்த பிறகுதான் உள்ளதைச் சொல்வார்கள்.

முத்துராமனுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். மலையாண்டியின் அட்டை என்னிடமிருந்து யாருக்கும் போகவில்லை. அதே கோப்பு கம்ப்யூட்டரில் திறந்தே இருந்தது. படத்தையும் தேதியையும் மாற்றினேன், இரண்டு பெயர்களை இடம் மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் என்று நேற்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவன் பொய் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பொய் சொன்னவனைத் தண்டிக்க என்னிடம் விதி இருக்கிறது. உண்மையாகவே பெரியப்பா செத்துப்போனவனை நான் என்ன செய்வது? அறுபத்து மூன்று பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கோயம்புத்தூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த ஒரு காலி இடத்துக்கு யார்மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பெரியகருப்பன் முதலில் வீட்டுக்குத்தான் பேசியிருக்கிறார். சாவு வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தது. செவந்தி போனை எடுத்திருக்கிறார். வாயைத் திறந்தால் கணவரின் அண்ணன் செத்ததைச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், “அப்புறம் பேசுறேங்க” என்று அழுகையை அடக்கிக்கொண்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை. மகனுடைய போன் அணைந்திருந்தது. முத்துராமன் எடுத்து, “ஒன்னுமில்ல மாமா, நீங்க ரூம்லயே இருங்க, ஜெபக்குமார் அண்ணன் வருவாரு” என்று சொல்லியிருக்கிறார். அவரைக் காப்பாற்ற நினைத்து அன்று ஒவ்வொருவரும் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் அட்டைக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

பிற்பகல் வேலை முடிந்து ஜெபக்குமார் வந்து பார்த்தபோது பெரியகருப்பன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்திருக்கிறார். கையில் போன் இருந்ததாம். ஒரு பையில் பாஸ்போர்ட்டும் இரண்டு சட்டையும் எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னார்கள். ஊருக்குப் புறப்பட நினைத்திருக்கிறார்.

உடல் திருச்சிக்கு வர ஒன்பது நாள் ஆனது. விமான நிலையத்துக்கு நானும் போனேன். அரவிந்தன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கு முந்தின நாள் அவன் கடைக்கு வந்து, அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை மேசையில் வைத்து, “நீங்களே செய்ங்கண்ணே” என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் மாலை வைத்தேன், விளக்கு வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து போகும்போது, “அண்ணே, அன்னைக்கு ஃபைனலுக்கு வர முடியல. மன்னிச்சிருங்கண்ணே” என்றான். பரவாயில்லை தம்பி என்றேன். உண்மையிலேயே மன்னித்தேன். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் அனுப்பியதை அன்றே அழித்துவிட்டிருந்தேன். ஆனால் பெரியகருப்பன் அந்தப் படத்தைத் தன் போனில் சேமித்து வைத்திருக்கிறார். மகனுடைய படம் அல்லவா, அழிக்க மனம் வந்திருக்காது. இருபது நாள் கழித்து அந்தப் போன் அவருடைய பெட்டியோடு ஊருக்கு வந்தது. அதை அரவிந்தன் கடையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “மாலைய எங்க வைப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ணே” என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தான்.

இனி ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. அந்தப் போனில் பதினொன்று ஐம்பதுக்கு என்னோடு பேசிய அழைப்பு ஒன்று இருக்கிறது, நாற்பத்தொரு விநாடி. நேற்று அதைக் காட்டி என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். சிக்னல் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது மேடம்.

அவர் அதற்கு முன் எட்டு தடவை அடித்திருந்தார். நான் வர்ணனையில் இருந்தேன். ஒன்பதாவது தடவை, மைக்கை நிறுத்திவிட்டு எடுத்தேன். ஆட்டம் அப்போது சூடுபிடித்திருந்தது. அரவிந்தனுடைய அணியில் மீதி மூன்று பேரும் வெளியே போய்விட்டிருந்தார்கள்.

“தம்பி, பெரியகருப்பன் பேசுறேங்க. ஒரு படம் வந்துருக்குங்க தம்பி” என்றார். “வீட்டுக்குப் போட்டேன். பின்னால கொட்டுச் சத்தம் கேக்குது. அவ எங்கிட்ட பேச மாட்டேங்குறா. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நெசமா தம்பி?”

இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இடைவேளையில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அதுவரை இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தபடியே பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டேன், மூன்று தடவை. அவர் எடுக்கவில்லை. அப்பாவும் மகனைப் போலத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு நான் சொன்ன பதில், “ஆமாங்கய்யா” என்பது.

அவர் அழவில்லை. “எத்தன மணிக்குங்க?” என்று மட்டும் கேட்டார்.

பதினொன்றே காலுக்கு என்றேன். வருகைப் பதிவை மூடியது சரியாக அந்த நேரம்தான் மேடம். அதில் ஒரு நிமிடம்கூட நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.